பனிநாளில் ஆயாவின் பயணம்



குளிர்நாட்டு விடியற்காலை ஒன்றைச் சற்றே கற்பனை செய்துகொள்ளுங்கள். மணி ஐந்தரை. வெளியே இன்னும் இருள். நகரத்தின் ஒரு கோடியில் ஒரு பெண் சன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்க்கிறாள். இரவெல்லாம் பெய்த பனி வாசற்படிகளை மூடிக் கிடக்கிறது. அதே வேளையில் நகரத்தின் மறுகோடியில் இன்னொரு பெண்ணும் அதே பனியைப் பார்க்கிறாள். முதலாமவள் குழந்தை பார்க்கும் ஆயா. ஆங்கிலத்தில் ‘நானி’ என்பர். இரண்டாமவள் தன் குழந்தையை அந்த ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு நாள்தோறும் வேலைக்குப் போகும் தாய். இருவர் உள்ளத்திலும் எழுவது ஒரே கேள்வி: இன்று ஆயா வரவேண்டுமா? அதை முதலில் வாய்விட்டுக் கேட்க இருவருமே தயங்குகிறார்கள்.

இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது, ஆபத்தென்றால் வரவேண்டா, இல்லையென்றால் வரலாம் என்று உங்களுட் சிலர் சொல்லக்கூடும். நானும் நெடுங்காலம் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன். ஆபத்து உண்டா இல்லையா என்று முடிவு செய்பவர் யார், அம்முடிவுக்கு விலை கொடுப்பவர் யார் என்னும் இரண்டு கேள்விகள் அதற்குள் ஒளிந்திருப்பதை நான் அறிந்துகொண்டது, ஓய்வு பெற்றபின் வந்த முதற் குளிர்காலத்தில், அமெரிக்காவில் என் மகன் வீட்டில். அதைச் சொல்லுமுன் அந்நாட்டுப் பனியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

பனி என்றதும் நமக்கு மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி நினைவுக்கு வரும். நான் கூறுவது அந்தப் பனி அன்று. வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்கி முழங்காலளவும் இடுப்பளவும் குவிகின்ற உறைபனி. அது அமைதியாக விழும்வரையில் அழகுதான். காற்றும் உடன் சேர்ந்துகொண்டால் கொடுமை. மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர் வேகத்திற்குக் குறையாத காற்றும், கால் மைலுக்கு அப்பால் எதுவும் தெரியாதபடி பறக்கும் பனியும் மூன்று மணி நேரமேனும் நீடித்தால் அதனைப் பனிப்புயல் என்று அமெரிக்க வானிலைத் துறையினர் வரையறுத்திருக்கின்றனர். நம் உடல் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சிறிது சூடாக்கி, அதனை ஒரு மெல்லிய போர்வைபோல் வைத்துக்கொண்டிருக்கிறது. வீசுகின்ற காற்று அந்தப் போர்வையைப் பறித்துக்கொண்டு போய்விடும். வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 18 பாகை செல்சியஸாக இருக்கும்போது மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடலுக்கு அது சுழியத்திற்குக் கீழ் 28 பாகைபோல் இருக்கும். அந்நிலையில் மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்து பழுதாகக்கூடும். இதற்குப் பனிக்கடி என்று பெயர். வராத பேருந்துக்காக ஒருவர் நிறுத்தத்தில் அரை மணி நேரம் காத்திருப்பது அரிய செய்தி அன்றே!

பனியினும் வஞ்சகமானது உறைமழை. மேலே காற்று சற்று வெப்பமாகவும் தரையையொட்டிய காற்று கடுங்குளிராகவும் இருக்கும் நாளில், நீராகவே விழுகின்ற மழை தரையைத் தொட்டவுடன் கண்ணாடிபோல் உறைந்துவிடும். சாலையின் கருமை அதனூடே தெரிவதால் சாலை வெறுமனே நனைந்திருப்பதாகவே தோன்றும். இதனைக் கருப்புப் பனிக்கட்டி என்பர். காரில் போகின்றவர் வழுக்கிச் சென்று மோதுவார். நடந்து போகின்றவர் விழுவார். ஆயாமாரிற் பலர் கார் இல்லாதவர்கள். சாலையைத் துப்புரவு செய்யும் வண்டிகள் அங்குள்ள பனியையெல்லாம் ஓரத்திற்குத் தள்ளிவிட்டுப் போகும். அந்த ஓரத்தில்தான் நடைபாதையும் பேருந்து நிறுத்தமும் இருக்கின்றன. ஆகவே காருக்கு வழி பிறந்த நாளிலும் காலுக்கு வழி பிறப்பதில்லை. நடப்பவர் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கி, வண்டிகளோடு வண்டியாகப் போகவேண்டியவராகிறார்.

காலையிற் போக முடிந்தது என்பதனால் மாலையில் திரும்ப முடியும் என்பதும் இல்லை. 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் திங்கட்கிழமை. பாஸ்டன் நகரத்தார் பனிப்புயல் வரும் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தனர். ஆனால் காலையில் எதிர்பார்த்த நேரத்தில் பனி தொடங்கவில்லை. ‘இதுவும் பொய்த்துப் போயிற்று’ என்று எண்ணி மக்கள் வழக்கம்போல் வேலைக்குச் சென்றனர். பின்னர்ப் பனி தொடங்கிக் கடுமையாயிற்று. அலுவலகங்கள் யாவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. நகரைச் சுற்றிச் செல்லும் 128ஆம் எண் நெடுஞ்சாலையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களும் ஐந்நூறு சரக்கு வண்டிகளும் பனியிற் புதைந்து நின்றன. உள்ளே இருந்தவர்கள் குளிருக்காக இயந்திரத்தை ஓடவிட்டனர். வண்டியின் பின்னுள்ள புகைக்குழாயைப் பனி அடைத்துக்கொண்டது. கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது வண்டிக்குள் நிறைந்து சிலர் உறங்கியபடியே உயிரிழந்தனர். அப்புயலில் வடகிழக்கு மாநிலங்களில் இறந்தோர் ஏறத்தாழ நூறு பேர். மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ் அதன்பின் ஒரு வார அளவுக்குச் சாலைகளில் தனியார் வண்டிகள் ஓடலாகாது என்று தடை செய்திருந்தார்.

அண்மையிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரை ஒரு புயல் தாக்கியது. ஈரி ஏரியின் மீது வரும் குளிர்காற்று ஏரிநீரின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து கரையிற் பனியாகக் கொட்டுவது அவ்வூரின் இயல்பு. அன்று பயணத் தடை நடைமுறைக்கு வந்தது காலை 9.30 மணிக்கு. அதற்குள் பலர் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் புயலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீட்டில் வெப்பமின்றி இறந்தோர், பனியை வாரும்போது மாரடைத்து இறந்தோர், காருக்குள்ளும் தெருவிலும் சிக்கி இறந்தோர் என அதில் பலவகையினர் உண்டு. தடையாணை பிறந்த நேரத்தைப் பற்றி அவ்வூரார் பின்னர்ப் பெரிதும் வழக்காடினர். வேலைக்குப் புறப்படுகின்றவர் வீட்டை விட்டு இறங்குவது ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும். ஒன்பதரை மணித் தடை அவருக்கு என்ன பயன் தரும்?

இனி என் கதைக்கு வருகிறேன்.

2015ஆம் ஆண்டு சனவரியில் நானும் என் மனைவியும் பாஸ்டனுக்கு அருகே ஒரு புறநகரிலிருந்த மகன் வீட்டுக்குச் சென்றோம். அந்தக் குளிர்காலத்தில் பாஸ்டனிற் பெய்த பனியின் மொத்த அளவு 110.6 அங்குலம், ஒன்பது அடிக்கும் மேல். அந்நகரில் கணக்கு வைக்கத் தொடங்கிய நாள்முதல் அவ்வளவு பனி பெய்ததில்லை. வீட்டில் ஆறு வயதுப் பேரனும் பத்து மாதப் பேத்தியும் இருந்தார்கள். மருமகள் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஹெய்ட்டி நாட்டிலிருந்து வந்து குடியேறிய அம்மையார் ஒருவர் நாள்தோறும் வருவார். வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். இரண்டு ரயில்களும் ஒரு பேருந்தும் மாறி அவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பிப்ரவரி 8ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, பேரனுடைய பள்ளியிலிருந்து செய்தி வந்தது: நாளை பள்ளி இல்லை. ‘இரண்டு பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்களே, ஆயாவை அவசியம் வரச்சொல்ல வேண்டும்’ என்றாள் மருமகள். மகன் சற்றுத் தயங்கினான். அப்போது வாய் திறந்தவன் நான். ‘மெதுவாக வரட்டுமே. மழையென்றும் வெயிலென்றும் பார்த்தால் எந்த வேலை நடக்கும்?’ என்றேன். வீட்டில் மூத்தவன் சொன்னதற்கு மேல் யாரும் பேசவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு வரவேண்டியவர் பத்தேகாலுக்கு வந்தார். காலணியைக் கழற்றினார், மேலங்கியைக் கழற்ற நேரமாயிற்று. பேத்தியை இடக்கையால் மட்டும் அணைத்துத் தூக்கியதை என் மனைவிதான் முதலிற் கவனித்தாள். வலக்கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் வழுக்கி விழுந்தாராம். ‘அப்படியானால் அங்கிருந்தே திரும்பிப் போயிருக்கலாமே’ என்று நான் ஆங்கிலத்திற் கேட்டேன். ‘திரும்புவதற்கும் அதே வழிதானே, ஐயா’ என்றார்.

அன்று பிற்பகல் மற்றொரு செய்தி வந்தது. மின்சாரம் பாயும் தண்டவாளங்கள் உறைந்தும் வண்டிகள் பழுதாகியும் போனமையால், மாலை ஏழு மணியுடன் நகர ரயில்கள் நிறுத்தப்படும். மறுநாள் முழுவதும் ஓடா. அந்த அம்மையார் எங்கள் வீட்டிலேயே தங்க நேர்ந்தது. அவருக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகன். அவனுடைய பள்ளிக்கும் விடுமுறை. அவன் அண்டை வீட்டார் பொறுப்பில் இருந்தான். இரவில் மும்முறை அவனோடு தொலைபேசியிற் பேசினார். அவர்கள் மொழியில் ஒரு சொல்லும் நான் அறியேன். எனினும், அடுப்பை அணைத்தாயா, கதவைத் தாழிட்டாயா என்று பிள்ளையைக் கேட்கும் குரல் எந்த மொழியிலும் விளங்கிவிடுகிறது.

அன்று அவ்வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற நான். இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த என் மனைவி. அலுவலகம் போகாமல் வீட்டிலிருந்தே கணிப்பொறியில் வேலை செய்துகொண்டிருந்த என் மகன். மூன்று பெரியவர்கள் இருந்த வீட்டுக்கு, இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, ஒருவரைப் பனியில் வரவழைத்தோம். வரவழைத்தது தேவையினால் அன்று; திங்கட்கிழமை என்றால் அவர் வருவார் என்ற வழக்கத்தினால்.

எனக்கு ஏன் அது தோன்றாமற் போயிற்று என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை வலுத்தால் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். பிள்ளைகளுக்குச் செய்தி எட்டியதா என்று பார்ப்பதில் நான் மிகவும் கண்ணுங்கருத்துமாக இருப்பேன். ஒருமுறை அத்தகைய நாளொன்றில் பள்ளிப் பதிவேடு ஒன்றை எடுக்க நானே சென்றிருந்தபோது, பள்ளி ஆயா புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, ஓடை கடந்து, நனைந்து வந்து கதவருகே நின்றார். ‘இன்றைக்கு லீவு என்று தெரியாதா?’ என்றேன். ‘பிள்ளைகளுக்குத்தானே சார் லீவு’ என்றார் அவர். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அந்தச் சொல்லைப் பற்றிச் சிந்திக்க எனக்கு எத்தனையோ ஆண்டுகள் ஆயின. ஒரு கடலையும் கடக்க வேண்டியிருந்தது.

பிள்ளைகளுக்குத்தான் விடுமுறை! இந்தப் பொருளின் முடிச்சு அதிலேதான் இருக்கிறது. பனிநாளில் பள்ளியை ஏன் மூடுகிறார்கள்? சாலைகள் பிள்ளைகளுக்கு ஆபத்தானவை. பள்ளிப் பேருந்து வழுக்கும். நிறுத்தத்தில் நிற்கும் சிறுவர் குளிரில் வாடுவர். இவற்றையெல்லாம் எண்ணி, ஊரறிந்த பொறுப்பாளர் ஒருவர் முன்னிரவிலோ விடியலிலோ முடிவு செய்து அறிவிக்கிறார். பள்ளி மூடப்பட்டதும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகள் வீட்டில் இருப்பதனால் ஆயா முன்னிலும் அதிகமாகத் தேவைப்படுகிறார். ஆகவே, ஆறு வயதுச் சிறுவன் ஒன்றரை மைல் போவதற்குத் தகாதது என்று ஊரார் தீர்மானித்த அதே சாலையில், அந்தச் சிறுவனுக்காகவே ஒரு பெண் பதினைந்து மைல் வரவேண்டியவள் ஆகிறாள். பள்ளிக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், அலுவலகத்திற்கு ஒரு மேலாளர், மாநிலத்திற்கு ஆளுநர். ஆயாவின் பணியிடமோ ஒரு வீடு. ‘இன்று எங்கள் வீடு மூடப்பட்டிருக்கும்’ என்று எந்த வானொலியும் அறிவிப்பதில்லை.

நம் பழைய அகப்பாடல்களில் செவிலித்தாய் வருவதை நீங்கள் பாடப்புத்தகத்திற் படித்திருப்பீர்கள். தலைவியை வளர்த்தவள் அவள்; தலைவியின் தோழி அவள் மகள். அந்தச் செவிலிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவளுக்கும் குழந்தைக்கும் இடையில் சாலை என்பதே கிடையாது. ஒரே மனையில் வாழ்ந்தாள். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் வீட்டுப் பணிப்பெண்கள் பெரும்பாலும் எசமானர் வீட்டிலேயே தங்கியிருந்தனர். மாடியறையிலோ சமையலறைக்குப் பின்புறத்திலோ ஒரு படுக்கை. எந்நேரமும் அழைப்புக்குக் காத்திருத்தல். மாதத்தில் ஓரிரு பிற்பகல் ஓய்வு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தென்மாநிலங்களிலிருந்து வடக்கே வந்த கறுப்பினப் பெண்கள் சிறிது சிறிதாக அம்முறையை உதறி, நாள் வேலைக்குப் போய் மாலையில் தம் வீடு திரும்பும் முறைக்கு மாறினார்கள். தம் குழந்தையைத் தாமே உறங்கவைக்கும் உரிமையை அவர்கள் அதனால் பெற்றார்கள். அதற்கு ஈடாக அவர்கள் ஏற்றுக்கொண்டது அந்த அன்றாடப் பயணம். அந்தப் பயணம் யாருடைய பொறுப்பு என்ற வினா அன்றுதான் பிறந்தது. இன்றுவரை அதற்கு முழு விடை கிடைக்கவில்லை.

சட்டமும் நெடுங்காலம் வீட்டு வாயிலோடு நின்றுவிட்டது. 1935இல் தொழிற்சங்க உரிமைச் சட்டம் வந்தபோது வீட்டுப் பணியாளர் அதில் விலக்கப்பட்டனர். 1938இல் வந்த குறைந்த அளவு ஊதியச் சட்டம் அவர்களை எட்டியது 1974இல் செய்த திருத்தத்திற்குப் பின்தான். தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் 1970இல் இயற்றப்பட்டது. உயிருக்கு உடனடி ஆபத்துள்ள வேலையைச் செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளருக்கு உண்டு என்று அச்சட்டத்தின் கீழ் அமைந்த விதியை உச்ச நீதிமன்றம் 1980இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் தனியார் ஒருவர் தம் வீட்டில் சமையல், துப்புரவு, குழந்தை பேணல் முதலியவற்றுக்கு ஆள் வைத்துக்கொண்டால் அங்கே அச்சட்டம் செல்லாது என்று அதன் விதிகளே கூறுகின்றன. நியூயார்க் மாநிலம் 2010இல் வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், ஓராண்டு பணிக்குப் பின் ஆண்டுக்கு மூன்று நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் அளித்தது. மாசசூசெட்ஸ் 2014இல் இயற்றிய சட்டம், வாரத்திற்கு 16 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்குப் பணி உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும் என்றது. அது நடைமுறைக்கு வந்தது 2015 ஏப்ரல் முதல் நாள். எங்கள் அம்மையார் வழுக்கி விழுந்ததற்கு ஏழு வாரம் பிந்தி என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கை, பாதுகாப்பான பணிச்சூழல் வீட்டுப் பணியாளருக்கும் உரியது என்கிறது. 2024ஆம் ஆண்டு முடியும்வரை அமெரிக்காவும் அதனை உறுதிசெய்யவில்லை. நம் இந்தியாவும் உறுதிசெய்யவில்லை.

தாயின் பக்கத்தையும் நாம் நேர்மையுடன் பார்க்கவேண்டும். பனிப்புயல் நாளில் மருத்துவமனை மூடுவதில்லை. பயணத் தடை விதிக்கும்போதுகூட மருத்துவர், செவிலியர், தீயணைப்போர் முதலியோருக்கு விலக்கு அளிக்கிறார்கள். அந்தச் செவிலியின் கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று எண்ணி அந்த விலக்குப் பட்டியல் எழுதப்படுவதில்லை. கணவனும் துணையின்றி, உறவினரும் அருகின்றி, அன்று போகாவிட்டால் வேலை போய்விடும் என்ற நிலையில் தனியே குழந்தை வளர்க்கும் தாய்மார் அந்நாட்டில் ஏராளம். அவர்களிடம் போய், ‘ஆயாவை அழைக்காதீர்’ என்று அறிவுரை கூறுவது எளிது; குழந்தையை எங்கே விடுவது என்று அவர்கள் கேட்டால் விடை கூறுவது எளிதன்று.

ஆயினும் அந்தத் தாயின் இடர் எத்தன்மையது என்பதையும் காணவேண்டும். அவளுடைய அலுவலகம் தன் சுமையை அவள் தலையில் வைக்கிறது. அவள் அதை ஆயாவின் தலைக்கு மாற்றுகிறாள். ஆயாவோ தன் பன்னிரண்டு வயது மகனை அண்டை வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள். கடைசியில் நிற்பவளுக்கு ஊதியமும் எல்லாரினும் குறைவு, சேமிப்பும் குறைவு. ‘உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள்’ என்று வீட்டுக்காரர் அன்போடு சொல்வதுண்டு. வராவிட்டால் அன்றைய ஊதியம் இல்லை என்னும்போது அது விருப்பம் ஆகாது. வாடகை கட்டவேண்டிய மாதத்தில் கண்ணுக்குத் தெரியும் பனியின் ஆழம் குறைந்துவிடும்.

ஆகவே என் கருத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். அரசு எச்சரிக்கையோ பயணத் தடையோ உள்ள நாளில் ஆயா வரலாகாது. எச்சரிக்கை இல்லாது, வரலாமா வேண்டாவா என்று ஐயத்திற்கு இடமான நாளில், சாலையில் போகப்போகிறவர் யாரோ அவர் சொல்லே முடிவாக இருக்கவேண்டும்; தம் தெருவில் எவ்வளவு பனி என்பதும், தம் காலில் எவ்வளவு உறுதி என்பதும் அவருக்குத்தான் தெரியும். இரண்டு நிலையிலும் அன்றைய ஊதியம் குறையலாகாது. இது புதுமை அன்று. வாரத்திற்கு இத்தனை மணி நேர ஊதியம் உறுதி, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்கப்படும் என்று எழுதிக்கொள்ளும் வழக்கம் அங்குள்ள நல்ல குடும்பங்களில் முன்பே உண்டு. கோடைக்காலத்தில் குடும்பத்தார் பத்து நாள் உல்லாசப் பயணம் போகும்போது ஆயாவுக்கு ஊதியம் கொடுக்கிறார்கள் அல்லவா? பனிக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு மாறவேண்டும்?

இதனை அவர்கள் தவறாகப் பயன்படுத்திக்கொள்ள மாட்டார்களா என்று சிலர் ஐயுறுவர். காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டு வந்த பையன்களில் மெய்யான காய்ச்சல்காரர் எத்தனை பேர் என்பதை அறிந்தவன் நான். ஆகவே அந்த ஐயத்தை இகழமாட்டேன். ஆனால் காய்ச்சலைப் போலன்றிப் பனியைப் பற்றிப் பொய் சொல்வது கடினம். அது எல்லார் வாசலிலும் கிடக்கிறது.

மற்றொன்று, முடிவை முன்னிரவிலேயே எடுக்கவேண்டும். விடியல் ஐந்தரை மணிக்கு ஆயாவும் தாயும் சன்னல் வழியே பார்த்துத் தயங்கும் அந்த நேரம் முடிவெடுக்க ஏற்ற நேரமன்று. இருவருக்கும் அப்போது வேறு வழி தேட நேரமில்லை. தாய் உண்மையாகவே போகவேண்டியவளாக இருந்தால், புயலுக்கு முந்திய மாலையே ஆயாவைத் தங்குமாறு கேட்கலாம். கேட்கலாம் என்றுதான் சொன்னேன், கட்டளையிடலாம் என்று சொல்லவில்லை. தங்கும் நேரத்திற்கும் ஊதியம் உண்டு, தனி அறை உண்டு, அவருடைய பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு என்றால் பலர் இசைவர். காரில் அழைத்து வரலாமே என்பர் சிலர். கார் ஓட்டுபவருக்கும் அதே பனிதான். மேலும் அழைத்து வந்தவர் மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவாரா என்பதையும் காலையிலேயே கேட்டுக்கொள்ளவேண்டும். 1978ஆம் ஆண்டுத் திங்கட்கிழமையை மறக்கலாகாது.

முன்கூட்டி முடிவு செய்தால் முன்னறிவிப்புப் பொய்த்துப் போகும் நாளும் வரும். நான் அங்கிருந்தபோதே அதனைக் கண்டேன். 2015 சனவரி 26ஆம் நாள் இரவு நியூயார்க்கில் இரண்டடிப் பனி பெய்யக்கூடும் என்று அஞ்சி, பதினொரு மணிக்குச் சுரங்க ரயிலையும் சாலைகளையும் மூடினார்கள். மறுநாள் அந்நகரின் சென்ட்ரல் பூங்காவில் அளந்தபோது பனி பத்து அங்குலத்திற்கும் சற்றுக் குறைவு. மக்கள் நகைத்தார்கள்; வானிலை அதிகாரி ஒருவர் பொதுமக்களிடம் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். அதே புயல் பாஸ்டனில் இரண்டடிக்கு மேற் கொட்டியது. ஒரு நாள் வீணாக மூடியதால் ஒரு குடும்பத்திற்கு நேர்ந்த இழப்பு ஒரு நாள் ஊதியம். அந்த இழப்பைத் தாங்கக்கூடியவர் வீட்டுக்காரரா, ஆயாவா என்று கேட்டால் கணக்கில் வலுவற்ற மாணவனும் விடை சொல்லிவிடுவான்.

எங்கள் வீட்டு அம்மையாரின் மணிக்கட்டு எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். மருமகள் மறுநாள் மருத்துவரிடம் காட்டிக் கட்டுப் போட்டுவந்தாள். ரயில் ஓடத் தொடங்கிய பின் மகன் அவரைக் கொண்டுபோய் விட்டுவந்தான். அந்த வாரக் கடைசியிலே, 14ஆம் 15ஆம் நாள்களில், மீண்டும் ஒரு பனிப்புயல். திங்கள் அங்கே பொது விடுமுறை. ரயில்கள் அப்போதும் சரிவர ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையே நான் மகனிடம் சொன்னேன்: ‘செவ்வாய்க்கிழமை அவர் வரவேண்டா என்று இப்போதே சொல்லிவிடு. நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்கிறோம்.’ அவன் தொலைபேசியை எடுத்துப் பேசினான். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர் ஏதோ கேட்டார். ‘உண்டு, உண்டு, முழுச் சம்பளமும் உண்டு’ என்று என் மகன் இருமுறை சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காலை பேத்திக்குக் கஞ்சி ஊட்டியவன் நான். பாதி என் சட்டையில்.